விதை முதல் பூ வரை: நட்சத்திரக் கள்ளி (ஆஸ்ட்ரோஃபைட்டம்) வளர்க்க முழுமையான வழிகாட்டி

கள்ளிச்செடிகளில் ஏதாவது ஒன்றை விதை போட்டு வளர்த்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஆஸ்ட்ரோஃபைட்டம். பல கள்ளிகளின் விதை தூசி மாதிரி இருக்கும். இதன் விதையைக் கையில் எடுக்கலாம், ஒவ்வொன்றாக எண்ணலாம். சூடு சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். நாலைந்து ஆண்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டால் பட்டுப்போல் மின்னும் மஞ்சள் பூ கிடைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் செடி பொதுவாகப் பக்கக் கன்று விடாது. வெட்டி நட்டுப் பெருக்கவும் வராது. ஆகவே உலகத்தில் எங்கே ஒரு நட்சத்திரக் கள்ளியைப் பார்த்தாலும் பெரும்பாலும் அது ஒரு விதையிலிருந்து வந்ததுதான். அந்த விதை நாற்றங்காலில் விழுந்ததா, காட்டில் விழுந்து பிறகு யாரோ செடியைத் தோண்டி எடுத்து வந்தார்களா என்பதுதான் கேள்வி. இதை வளர்க்க ஆசைப்படும் எல்லோரும் முதல் பதிலின் பக்கம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், எந்த இனம்?

1839இல் ஃபிரெஞ்சுத் தாவரவியலாளர் ஷார்ல் லெமேர் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். மெக்சிகோவின் வடக்கு, நடு மாநிலங்களிலும், அமெரிக்காவில் டெக்சாஸின் தென்கோடியிலும் மட்டும்தான் இது இயற்கையாக வளர்கிறது. இனங்கள் ஐந்தாறுதான் என்பதால் அத்தனையையும் அறிந்துகொள்வது சுலபம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிரியோஸ்டிக்மா. பெரும்பாலும் ஐந்து விலாக்கள் (உடம்பில் மேலிருந்து கீழாக ஓடும் மேடுகள்), முள் கிடையாது, உடம்பு முழுக்க நெருக்கமான வெண்புள்ளிகள். சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் வளர்ந்து பழகியது. சின்னத் தவறுகளைத் தாங்கும். நான்கு விலாக்களோடும் வரும். வெண்புள்ளியே இல்லாமல் வழவழவென்று பச்சையாக வரும் வகைக்கு நூடம் என்று பெயர்.

ஆர்னேட்டம் இந்தக் குடும்பத்தின் பெரிய ஆள். எட்டு விலாக்கள், உறுதியான மஞ்சள்-பழுப்பு முட்கள், வயதானால் ஒரு மீட்டரையும் தாண்டும். வளர்ப்பது கஷ்டமில்லை. ஆனால் பூக்க மற்றவற்றைவிடப் பல ஆண்டு கூடுதலாக எடுக்கும். காப்ரிகார்னே முறுக்கிக்கொண்டு வளைந்த நீண்ட முட்கள் உடையது. அதன் மஞ்சள் பூவின் நடுவில் சிவப்பு இருக்கும். கோவாயிலென்சேயைப் பார்த்தால் மிரியோஸ்டிக்மா என்றே நினைப்போம். பூ விரிந்ததும் தொண்டைச் சிவப்பு அது வேறு இனம் என்று காட்டிக்கொடுத்துவிடும். கபுட்-மெடூசே 2001இல்தான் மெக்சிகோவின் நுவோ லெயோன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. உருண்டை உடம்பே இல்லாமல் விரல் விரலாக நீளும் இதை முதலில் தனிப் பேரினமாகவே 2002இல் விவரித்தார்கள். பூவும் விதையும் ஒத்துப்போனதால் பிறகு ஆஸ்ட்ரோஃபைட்டத்தில் சேர்த்தார்கள்.

இனி அஸ்டீரியாஸ். எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். தட்டையான உடம்பு, எட்டு விலாக்கள், முள்ளே இல்லை, ஒவ்வொரு விலாவின் நடுவிலும் வரிசையாகப் பஞ்சுப் பொட்டுகள். காட்டில் இது தரையோடு தரையாக, புதர் நிழலில் இருக்கும். வறட்சி வந்தால் உடம்பு சுருங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே புழுதி படிந்துவிட்டால் பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. 1843இல் கார்வின்ஸ்கி இதைச் சேகரித்தார், 1845இல் சுக்கரினி விவரித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் சரியாகப் படாமலே இருந்து, 1923இல் செக் நாட்டு ஆய்வாளர் ஃபிரிச் மறுபடி கண்டுபிடித்தார் என்றால் அது எவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒளிந்தும் தப்பவில்லை. முட்புதர்க் காடுகளை விவசாயத்துக்காக அழித்தார்கள், சேகரிப்பவர்களுக்காகத் தோண்டினார்கள். போதை தரும் பெயோட்டே என்ற கள்ளியும் இதேபோலத் தட்டையாக, முள்ளில்லாமல் இருப்பதால், அதைத் தேடிப் போனவர்கள் தவறுதலாக இதையும் வெட்டி எடுத்தார்கள். 1993 முதல் அமெரிக்கச் சட்டப்படி இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலிலும் இருக்கிறது. அதனால் செடி மட்டுமல்ல, விதையையும் நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிச் சான்று தேவை. வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால் இதை முதலில் விசாரியுங்கள். உள்நாட்டிலேயே கைமகரந்தச் சேர்க்கை செய்து விதை எடுப்பவர்களிடம் வாங்குவது நல்லது. அடிப்பகுதி கட்டைபோல் முற்றி, உடம்பெல்லாம் பழைய தழும்புகளோடு, கோணல்மாணலாக, வேர் வெட்டிய நிலையில் ஒரு பெரிய செடி விற்பனைக்கு வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

விதை

நல்ல விதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். கரும்பழுப்பு நிறம், பளபளப்பு. கவிழ்த்த தொப்பி மாதிரி ஒரு பக்கம் குழிவாக இருக்கும். அந்தக் குழிவால்தான் விதை தண்ணீரில் மிதக்கிறது. மழைநீர் ஓடும் வழியில் அடித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் ஒதுங்கும். நமக்கு அதைவிட முக்கியமானது, வேர் அந்தக் குழிவுப் பக்கத்திலிருந்துதான் வெளியே வரும் என்பது.

புதிய விதை கேட்டு வாங்குங்கள். எந்த ஆண்டு அறுவடை என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். இந்த விதைகள் ஆண்டு கூடக் கூட முளைப்புத்திறனை இழக்கும்.

விதைப்பது

வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்கும் பருவத்தில் தொடங்குங்கள். குளிர் தொடங்கும் முன் நாற்றுக்கு ஐந்தாறு மாத வளர்ச்சி கிடைத்தால் பயமில்லை.

அடியில் துளையுள்ள ஆழமில்லாத சின்னத் தொட்டியும், அதை மூட ஒரு வெளிப்படையான மூடியோ ஜிப் பையோ போதும். மண் கலவைக்கு, சலித்த பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெண்கல் துகள்), கரடுமுரடான ஆற்று மணல், சலித்த கோகோபீட் (தென்னை நார்த் தூள்) மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். கோகோபீட் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதையும் உப்புப் போக நன்றாக அலசிவிட்டுச் சேர்க்க வேண்டும். மேலே ஒரு அடுக்கு, இரண்டு மில்லிமீட்டர் அளவுச் சின்னக் கற்கள். இந்தக் கல் அடுக்கைப் பலர் விட்டுவிடுவார்கள். பாசி படிவதைக் குறைப்பதும், தள்ளாடும் நாற்றுக்கு முட்டுக்கொடுப்பதும் அதுதான்.

கலவையைச் சுத்திகரிக்காமல் விதைக்காதீர்கள். மூடிய தொட்டிக்குள் ஈரமும் சூடும் பல வாரம் இருக்கப்போகிறது. மண்ணில் ஒரு துளி பூஞ்சை இருந்தாலும் அதற்கு விருந்துதான். கலவையை ஈரமாக்கி ஆவியில் அரை மணி நேரம் வைக்கலாம், அல்லது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிடலாம். முழுவதும் ஆறிய பிறகே விதை போட வேண்டும்.

விதையைப் புதைக்கக் கூடாது. குழிவுப் பக்கம் கீழே இருக்கும்படி மேற்பரப்பில் வைத்து லேசாக அழுத்துங்கள். ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, கீழிருந்து ஈரம் ஏறி மேற்பரப்பு நனைந்ததும் எடுத்து வடியவிட்டு மூடிவிடுங்கள். வெளிச்சமான இடம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மூடிய பைக்குள் நேர் வெயில் பட்டால் அரை மணியில் எல்லாம் வெந்துபோகும்.

முதல் சில வாரம்

இந்தக் கட்டத்தில்தான் தினமும் பார்க்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் விதை ஓடு பிளந்து பச்சை உருண்டை ஒன்று தலைகாட்டும். அதன் உச்சியில் இரண்டு சின்ன மேடுகள் இருக்கும், அவைதான் விதையிலைகள். கீழே வெள்ளை வேர், அதைச் சுற்றி மெல்லிய வேர்த்தூவிகள். இந்தத் தூவிகளைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வேரைச் சுற்றி மட்டும் ஒழுங்காக நின்றால் தூவி, விதையிலிருந்து விதைக்குத் தாவிப் பரவினால் பூஞ்சை.

ஆஸ்ட்ரோஃபைட்டம் நாற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பு கனமாகவும் வேர் மெலிந்தும் இருப்பதால், வேர் மண்ணுக்குள் இறங்காமல் மேலே படுத்தே கிடக்கும், சில சமயம் வேர் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். பல் குச்சியால் பக்கத்தில் ஒரு சின்னக் குழி போட்டு, வேரை அதில் இறக்கி, இரண்டு கற்களை அணைத்து வையுங்கள். வேர் நுனி ஒடியக்கூடாது. குச்சியால் வேரைத் தள்ளாமல் உடம்பைப் பிடித்து நகர்த்துங்கள். இந்த ஒரு வேலையைச் செய்பவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மிஞ்சும் நாற்றுகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

ஓடு தலையில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் தானே விழும். ஒரு வாரம் கடந்தும் போகவில்லை என்றால் அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டு, ஊறியதும் குச்சி முனையால் மெல்ல நெம்பி எடுக்கலாம்.

நாற்று கண்ணாடி மாதிரி நிறம் மங்கி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் அழுகல். அதை அந்த இடத்து மண்ணோடு அகற்றிவிட்டு, தொட்டி முழுவதற்கும் பூஞ்சைக்கொல்லியைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் தெளியுங்கள். நாற்று சிவந்து போனால் வெளிச்சம் அதிகம். வெளிறி மேல்நோக்கி நீண்டால் வெளிச்சம் போதவில்லை.

ஒன்றரை இரண்டு மாதம் கழித்து மூடியை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். முதலில் விரல் அளவு திறந்து வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் திறக்கலாம். முதல் ஆண்டு முழுக்க மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் கொடுக்க வேண்டும். கள்ளிதானே என்று நாற்றைக் காயப்போடுவதில் பயன் ஒன்றுமில்லை, வளர்ச்சிதான் நின்றுபோகும்.

இடம் மாற்றுவது

நாற்று ஒரு சென்டிமீட்டர் விட்டம் வந்ததும் தனித் தொட்டிக்கு மாற்றலாம். அதற்கு முன் எடுத்தால் வேர் தாங்காது. நெருக்கமாக வளரும் நாற்றுகள் ஒன்றுக்கொன்று ஈரம் காத்துக்கொள்ளும் என்பதால் நான் அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை. ஒன்றையொன்று முட்டும்வரை விட்டுவைப்பேன்.

இனி கலவையில் கல் பங்கு கூட வேண்டும். நாலில் மூன்று பங்கு பியூமிஸ், உடைத்த செங்கல், பருமணல் போன்ற கனிமப் பொருள். ஒரு பங்கு மக்கிய இலைமண் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம். இவை சுண்ணாம்பு நிலத்திலிருந்து வந்தவை, அதனால் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் பொடி சேர்ப்பது நல்லது. தூளாக இருக்கும் மணலைத் தவிருங்கள். அது இறுகி நீர் வடியாமல் செய்துவிடும். தொட்டி செடியின் விட்டத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

செடியை எடுக்கும்போது உடம்பைத் தேய்க்காதீர்கள். அந்த வெண்புள்ளிகள் ஒவ்வொன்றும் மிகச் சின்ன முடிக்கற்றை. விரல் பட்டால் உதிரும், உதிர்ந்த இடத்தில் மறுபடி வராது. அடிப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். ஒடிந்த வேர்முனைகள் ஆற நேரம் கொடுங்கள்.

தண்ணீர்

இந்தக் கள்ளிகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி அல்ல, தண்ணீர்தான். ஆனால் "வாரம் ஒருமுறை" என்பது மாதிரி ஒரு கணக்கு யாராலும் சொல்ல முடியாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டியின் கனமும் காய்ந்த தொட்டியின் கனமும் கைக்குப் பழகிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் இரண்டு கரண்டி தெளிப்பது மோசமான பழக்கம்: மேலே ஈரமாகவும் அடியில் வறண்டும் இருக்கும், வேர் கீழே போகாது.

செடியும் சொல்லும். அஸ்டீரியாஸ் தாகமாக இருக்கும்போது நடுப்பகுதி உள்வாங்கி விலாக்களுக்கு நடுவே உள்ள கோடு ஆழமாகும். நீர் கொடுத்த இரண்டு நாளில் மறுபடி நிரம்பும். நீர் கொடுத்து ஒரு வாரம் ஆகியும் சுருக்கம் மாறவில்லை என்றால் மறுபடி ஊற்றாதீர்கள், வேர் போயிருக்கும். தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர்காலத்தில் நீரை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். காய்ந்த மண்ணில் 5 டிகிரி வரை பயமில்லாமல் தாங்கும். ஈர மண்ணில் தாங்காது. இந்த ஓய்வு அடுத்த பருவத்துப் பூவுக்கும் உதவும். குளிரே இல்லாத ஊரில் இருப்பவர்கள் ஆண்டில் வெளிச்சம் குறைந்த இரண்டு மாதத்தில் நீரைக் குறைத்து இதே ஓய்வைக் கொடுக்கலாம். விடாமல் மழை பெய்யும் காலத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை கட்டாயம்.

வெயிலும் உரமும்

முதல் இரண்டு ஆண்டு பாதி நிழல். அதன் பிறகு காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், பகலின் மீதி நேரத்தில் வலை வழியாக வடிகட்டிய வெளிச்சம். வெண்புள்ளி அடர்த்தியான மிரியோஸ்டிக்மா அதிக வெயில் தாங்கும். பச்சையான நூடத்துக்கு நிழல் கூடுதலாக வேண்டும். கடையிலிருந்தோ வீட்டுக்குள்ளிருந்தோ வந்த செடியை நேராக வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் வெளிறிய தழும்பு விழும். அந்தத் தழும்பு போகாது.

வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, தழைச்சத்து குறைந்து சாம்பல்சத்து கூடிய உரத்தை, சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றினால் போதும். அதிகம் கொடுத்தால் உடம்பு வேகமாக ஊதி, தோல் வெடிக்கும்.

கெட்டுப்போகும் அறிகுறிகள்

வயதான செடியின் அடிப்பகுதி பழுப்பாகிக் கட்டைபோல் மாறும். நிறையப் பேர் அழுகல் என்று பதறி வெட்டிவிடுகிறார்கள். விரலால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் முதுமை, அதை விட்டுவிடலாம். பொதுக்கென்று அமுங்கினால் அழுகல். அப்போது தொட்டியிலிருந்து எடுத்து, சுத்தமான கத்தியால் நிறம் மாறிய சதை முழுவதும் போகும்வரை வெட்டி, நிழலில் இரண்டு வாரம் காயவிட்டு, வறண்ட பியூமிஸ் மேல் உட்காரவையுங்கள். நடுத்தண்டில் ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி மிச்சம் இருந்தாலும் அழுகல் மேலே ஏறும்.

மாவுப்பூச்சி உச்சிப் பஞ்சில் கலந்து ஒளிந்துகொள்ளும். பஞ்சும் வெள்ளை, பூச்சியும் வெள்ளை. நுனி நனைத்த தூரிகையால் 70 சதவீத ஆல்கஹாலைப் பூச்சியின் மேல் மட்டும் வையுங்கள், துணியால் துடைத்தால் புள்ளிகளும் போய்விடும். வேர் மாவுப்பூச்சி இன்னும் மோசம். காரணமே தெரியாமல் வளர்ச்சி நின்றுபோன செடியின் வேரில் வெண்பொடி இருக்கிறதா என்று பாருங்கள். வேரைக் கழுவி, காயவிட்டு, புது மண்ணில் நடுங்கள். உச்சியைச் சுற்றித் துருப்பிடித்த மாதிரி தோல் மாறினால் செஞ்சிலந்திப் பேன். அதற்குப் பேன்கொல்லி மருந்துதான் சரி, சாதாரணப் பூச்சிமருந்து கேட்காது.

பூ

அஸ்டீரியாஸும் மிரியோஸ்டிக்மாவும் விதைத்து மூன்று முதல் ஐந்து ஆண்டில் பூக்கும். மொட்டு உச்சியில், புதிய பஞ்சுத் திட்டிலிருந்து வரும். முதலில் கருநிறமான ஒரு கூர்முனை மட்டும் தெரியும். அப்போது செடியின் இடத்தையோ திசையையோ மாற்றாதீர்கள், மொட்டு கருகிவிடலாம். பூ வெயிலில் விரியும், மாலையில் மூடும், இப்படிச் சில நாள் நிற்கும்.

ஒட்டுக்கட்டினால் இன்னும் சீக்கிரம் பூக்கும். பெரெஸ்கியோப்சிஸ் என்ற மெலிந்த கள்ளியின் மேல் பிஞ்சு நாற்றை ஒட்டி வேகமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேர் அழுகிய அரிய செடியைக் காப்பாற்ற அது நல்ல வழி. மற்றபடி சொந்த வேரில் மெதுவாகத் தட்டையாக வளர்ந்த அஸ்டீரியாஸின் அழகு, ஒட்டில் ஊதிய செடிக்கு வராது என்பது என் கருத்து.

உங்கள் கையால் விதை எடுப்பது

ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவில் காய் பிடிக்காது. வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள் ஒரே நாளில் பூத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரு விதை பிழைத்தால் போதும் என்று இருக்காமல் ஐந்தாறு செடியையாவது வளர்க்கச் சொல்கிறேன். இரண்டும் ஒரே இனமா என்றும் பாருங்கள். இந்தப் பேரினத்துக்குள் கலப்பு எளிதில் நடக்கும், கலப்பு விதையைத் தூய இனம் என்று கொடுத்துவிடக் கூடாது.

நண்பகலில் பூ முழுக்க விரிந்திருக்கும்போது, உலர்ந்த மெல்லிய தூரிகையை ஒரு பூவின் மகரந்தத் தாள்களில் சுழற்றுங்கள். மஞ்சள் பொடி ஒட்டியதும், அடுத்த பூவின் நடுவில் விரல்களாக விரிந்திருக்கும் சூல்முடியின் மேல் தடவுங்கள். பிறகு அதிலிருந்து இதற்கு. மறுநாளும் ஒருமுறை செய்யுங்கள்.

காய் பிடித்தால் வாடிய பூ உதிராமல் நிற்க, அடியில் பஞ்சு மூடிய உருண்டை பருக்கும். சில வாரத்தில் முற்றும். மிரியோஸ்டிக்மா, ஆர்னேட்டம் காய்கள் உச்சியில் வெடித்து விரியும். அஸ்டீரியாஸ், காப்ரிகார்னே, கோவாயிலென்சே காய்கள் அடியில் பிளக்கும். அடியில் பிளக்கும் காயைக் கவனிக்காவிட்டால் விதை செடியின் பஞ்சுக்குள்ளும் தொட்டி மண்ணிலும் கொட்டிவிடும், எறும்பும் தூக்கிக்கொண்டு போகும். காய் லேசாகக் காய்ந்து, தொட்டால் கழன்று வரும் நாளில் எடுத்துவிடுங்கள்.

சதை ஒட்டிய விதைகளை வடிகட்டியில் வைத்துக் கழுவி, காகிதத்தின் மேல் நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் அல்லாமல் காகித உறையில் போட்டு, இனத்தின் பெயர், தாய்ச்செடி, தந்தைச்செடி, அறுவடை மாதம் நான்கையும் எழுதி வையுங்கள். சூடு இருக்கும் பருவமாக இருந்தால் பாதியை உடனே விதையுங்கள். மீதியைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டுவரை உறையில் வைத்திருப்பதைவிட இப்போதே இன்னொருவர் தொட்டியில் முளைப்பது நல்லது.